வளரும் வயது விளையாட்டு வீரர்களுக்கு கிரியேட்டின்: யாருக்கு, எவ்வளவு, எப்போது வேண்டாம்

பயிற்சிக்குப் போகும் பதினாறு வயதுப் பிள்ளை கிரியேட்டின் வாங்கித் தரச் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். ‘ஸ்டீராய்டு பக்கமே போகாதே’ என்று சத்தம் விழும். இல்லாவிட்டால், கூடப் பயிற்சி செய்கிறவர்கள் எல்லாரும் சாப்பிடுகிறார்களே என்று, ஒரு கேள்வியும் கேட்காமல் டப்பா வந்துவிடும். இரண்டுமே சரியில்லை. கிரியேட்டின் ஸ்டீராய்டு கிடையாது, ஹார்மோனும் கிடையாது. பெரியவர்களிடம் மிக அதிகமாக ஆராயப்பட்ட சப்ளிமெண்ட்களில் ஒன்று. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, சிறியவை, பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்தவை. இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெற்றோர், கோச், விளையாடுகிற பிள்ளை மூவரும் சேர்ந்து படிக்கிற மாதிரி இதை எழுதியிருக்கிறோம்.

உடம்புக்குள் என்ன செய்கிறது

கிரியேட்டினை உடம்பே தயாரிக்கிறது. ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களிலிருந்து சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் செய்கின்றன. இறைச்சி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்து இன்னொரு கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஒரு கிலோ பச்சை இறைச்சியில் இருப்பதே 4 முதல் 5 கிராம்தான். பாலில் மிகக் கொஞ்சம். தாவர உணவில் கிட்டத்தட்ட இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் மொத்தம் 120 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தசைகளில். தினமும் 2 கிராம் போல் தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறி, சிறுநீரில் போய்விடும். கிரியேட்டின், கிரியேட்டினின் இரண்டும் வேறுவேறு. இரத்தப் பரிசோதனை பற்றிச் சொல்லும்போது இந்த வித்தியாசம் முக்கியமாக வரும்.

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். முழு வேகத்தில் ஓடினால், கையிருப்பில் உள்ள ஏடிபி சில நொடிகளுக்கே காணும். அப்போது தசையில் சேர்ந்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. இந்த ஏற்பாடு சுமார் பத்து நொடி வரை பெரிய அளவில் கைகொடுக்கும். அதற்குப் பிறகு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் மெதுவான வழிகள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. சப்ளிமெண்டாக எடுக்கும் கிரியேட்டின் தசையின் இருப்பை 20 முதல் 40 சதவீதம் வரை உயர்த்த முடியும் என்று 1992-இல் ராஜர் ஹாரிஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது முதல்தான் விளையாட்டு உலகம் இதன் பக்கம் திரும்பியது.

இருப்பு கூடினால் நடப்பது இதுதான்: எட்டாவது தூக்கலில் (ரெப்) நின்றுபோகிற ஒரு சுற்றில் (செட்) ஒன்பதாவது வரும், ஸ்பிரிண்ட்டுக்கும் ஸ்பிரிண்ட்டுக்கும் நடுவில் தசை கொஞ்சம் வேகமாக மீளும். இப்படி வாரக்கணக்கில் கூடுதலாகச் செய்த வேலைதான் பலத்தையும் தசையையும் வளர்க்கிறது. பயிற்சியில் ஒழுங்கில்லாத பிள்ளை கிரியேட்டின் சாப்பிட்டால் உடம்பில் கொஞ்சம் தண்ணீர்தான் கூடும்.

எந்த ஆட்டத்துக்கு உதவும், எதற்கு உதவாது

குறுகிய நேரம், முழு விசை, சின்ன இடைவெளி, மறுபடி முழு விசை: இந்த வடிவம் உள்ள எல்லா ஆட்டத்திலும் பலன் எதிர்பார்க்கலாம். பளுதூக்குதல், குண்டு எறிதல், 100 மீட்டர், கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து, 50 மீட்டர் நீச்சலைத் திரும்பத் திரும்ப அடிக்கும் பயிற்சி போன்றவை. இளம் வயதினரிடம் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நீச்சல் வீரர்களிடமும் கால்பந்து வீரர்களிடமும் நடந்தவைதான். முடிவுகள் கலவையாக இருந்தாலும், சிலவற்றில் திரும்பத் திரும்ப ஓடும் திறனும் குதிக்கும் திறனும் கூடியிருக்கின்றன.

ஐந்தாயிரம், பத்தாயிரம் மீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு இது தேவையில்லை. ஓட்டத்தின் பெரும்பகுதிக்கு பாஸ்போகிரியேட்டின் பொறுப்பில்லை. கூடுகிற ஒரு கிலோவைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான் மிச்சம். உயரம் தாண்டுதல், ஜிம்னாஸ்டிக்ஸ், பாறை ஏற்றம் என்று சொந்த எடையைத் தூக்குகிற ஆட்டங்களில் கணக்கு இழுபறி. எடைப்பிரிவு உள்ள குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோவில் பிரிவின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. காரணத்தைக் கீழே விவரமாகச் சொல்கிறோம்.

இன்னொன்று. எல்லாருடைய உடம்பும் ஒரே மாதிரி பலன் காட்டாது. ஏற்கெனவே தசையில் இருப்பு நிறைய உள்ளவர்களுக்குக் கூடுவது கொஞ்சம்தான். இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆரம்ப இருப்பு குறைவு என்பதால் பலன் அதிகமாகத் தெரியும்.

வயதைப் பற்றி

18 வயதுக்குட்பட்டவர்கள் திறன் கூட்டும் பொருட்களைப் பயன்படுத்துவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி ஆதரிக்கவில்லை. கிரியேட்டினும் அதில் அடக்கம். சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்து சங்கம் 2017-இல் வெளியிட்ட நிலைப்பாடு கொஞ்சம் இளகியது. பருவ வளர்ச்சியைத் தாண்டி, தீவிரமான போட்டிப் பயிற்சியில் இருந்து, நல்ல உணவு எடுத்து, பெற்றோர் சம்மதத்தோடும் பெரியவர் கண்காணிப்போடும், தரமான பொருளைச் சரியான அளவில் எடுத்தால் பரிசீலிக்கலாம் என்கிறது. இரண்டு அமைப்புகளும் முரண்படுவதுபோல் தெரிந்தாலும், கையில் இருப்பது ஒரே தகவல்தான். தீங்கு நிரூபிக்கப்படவில்லை, நீண்டகாலப் பாதுகாப்பும் நிரூபிக்கப்படவில்லை. குழந்தை மருத்துவர்கள் இரண்டாவதைப் பார்க்கிறார்கள், விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்கள் முதலாவதைப் பார்க்கிறார்கள்.

எங்கள் பரிந்துரை இது. பருவ வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு வேண்டாம், பேச்சே இல்லை. அந்த வயதில் வளர்ச்சியே வேகத்தையும் பலத்தையும் மாதாமாதம் கூட்டிக்கொண்டிருக்கும். டப்பா அதில் சேர்ப்பது ஒன்றுமில்லை. 16 முதல் 18 வரை உள்ளவர்களில், கீழே சொல்கிற எல்லாப் படிகளையும் தாண்டுகிறவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம். அதிலும் அவசரம் கிடையாது. இரண்டு வருடம் தள்ளிப்போட்டதால் யாருடைய விளையாட்டு வாழ்க்கையும் கெடாது.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் தூக்கம். 13 முதல் 18 வயது வரை ஒரு இரவுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு விடியற்காலைப் பயிற்சிக்கு ஓடுகிற பிள்ளைக்கு, இரண்டு மணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாலே எந்தப் பொடியையும்விட அதிகப் பலன் கிடைக்கும். அடுத்து சாப்பாடு. காலை உணவைத் தவிர்க்கிறதா? பயிற்சிக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வேளை கிடைக்கிறதா? உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வருகிறதா? ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

பயிற்சிக்குத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது முறையான பலப் பயிற்சி செய்து, ஸ்குவாட், டெட்லிஃப்ட் மாதிரியான பளுப் பயிற்சிகளில் உடம்பின் நிலை சரியாக இருக்கிறது என்று கோச் சொல்ல வேண்டும். பலம் திடீரென்று கூடுகிறபோது, நிலை சரியில்லாத பிள்ளை முதுகையும் முழங்காலையும்தான் புண்ணாக்கிக்கொள்ளும்.

பிறகு மருத்துவர். சிறுநீரக நோய், ஒற்றைச் சிறுநீரகம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால், அல்லது குடும்பத்தில் பரம்பரைச் சிறுநீரக நோய் இருந்தால், மருத்துவர் சம்மதிக்காமல் தொடவே கூடாது. வலிக்காக இபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகளை அடிக்கடி போடுகிற பிள்ளைக்கும் இதே பேச்சுதான். அந்த மாத்திரைகளே சிறுநீரகத்துக்குப் பாரம். இருமுனையக் கோளாறு உள்ளவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு கிரியேட்டின் எடுத்தபோது மனஎழுச்சி நிலை வந்ததாகப் பதிவுகள் உண்டு. எனவே மனநல மருந்து எடுப்பதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். தொடங்கும் முன் இரத்தக் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் மூன்றையும் ஒருமுறை பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் வேண்டுமல்லவா?

கேட்கத் தயங்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: எதற்காகக் கேட்கிறாய்? ஆட்டத்துக்காகவா, கண்ணாடிக்காகவா? உடம்பு போதவில்லை என்ற ஏக்கம், ஓயாமல் எடை பார்ப்பது, சட்டையைக் கழற்றத் தயங்குவது, சாப்பாட்டை ஒளிப்பது இவையெல்லாம் தெரிந்தால், முதலில் பேச வேண்டிய விஷயம் வேறு. அங்கே கிரியேட்டின் வாங்கிக் கொடுப்பது அந்த ஏக்கத்துக்குத் தீனி போடுவதாகிவிடும். பொறுமையாகப் பேசுங்கள்; தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.

டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

உண்மையான ஆபத்து பெரும்பாலும் கிரியேட்டினில் இருப்பதைவிட, அதனோடு டப்பாவுக்குள் வந்து சேர்வதில்தான் இருக்கிறது. பல நாடுகளில் சப்ளிமெண்ட்களுக்கு மருந்துகளுக்கு உள்ள அளவு கெடுபிடி கிடையாது. லேபிளில் இல்லாத ஊக்கமருந்துகள், ஹார்மோன் சார்ந்த பொருட்கள் சப்ளிமெண்ட்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கிரியேட்டின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் கலப்படத்தால் தடைசெய்யப்பட்ட பொருள் உடம்பில் சிக்கினால், ‘எனக்குத் தெரியாது’ என்பதால் மட்டும் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. வயது சிறியது என்பதற்காக அந்த விதி தள்ளுபடி ஆகாது.

அதனால் பொருள் பட்டியலில் ‘கிரியேட்டின் மோனோஹைட்ரேட்’ என்ற ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கும் பொடியாகப் பாருங்கள். சுவையூட்டி இல்லாதது இன்னும் நல்லது. ‘என்எஸ்எஃப் சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்’, ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ போன்ற மூன்றாம் தரப்புச் சோதனை முத்திரை இருக்க வேண்டும். முத்திரையை டப்பாவில் அச்சடிப்பது யாராலும் முடியும். எனவே அந்தச் சோதனை அமைப்பின் இணையதளத்தில் பொருளின் பெயரையும், தரப்பட்டிருந்தால் பேட்ச் எண்ணையும் போட்டுத் தேடி, உண்மையிலேயே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி டப்பாவைப் படம் எடுத்து வையுங்கள். போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுகிறவர், பொடி தீர்ந்த பிறகும் டப்பாவை உடனே தூக்கிப் போட வேண்டாம். அடியில் ஒரு ஸ்பூன் மிச்சம் வைத்து மூடி, சில மாதம் எடுத்து வையுங்கள்.

விலை அதிகமான வடிவங்களில் ஏமாற வேண்டாம். எத்தில் எஸ்டர், ஹைட்ரோகுளோரைடு, பஃபர் செய்தது என்று பல பெயரில் வருகின்றன. எதுவும் மோனோஹைட்ரேட்டை விஞ்சியதாக நல்ல ஆய்வு இல்லை; எத்தில் எஸ்டர் வயிற்றிலும் குடலிலும் பெருமளவு கிரியேட்டினினாக உடைந்துபோகிறது. தண்ணீரில் கரைத்தே விற்கும் திரவ வகையும் அப்படித்தான். கிரியேட்டின் நீரில், அதுவும் புளிப்பான நீரில், நாளாக நாளாகக் கெடும். கம்மி மிட்டாய் வடிவத்தில் வருபவற்றில், சோதித்தபோது லேபிளில் சொன்னதில் சிறு பகுதிகூட இல்லாதவை சிக்கியிருக்கின்றன.

‘ப்ரீ வொர்க்அவுட்’ என்ற பெயரில் கிரியேட்டின், காஃபின், இன்னும் பத்துப் பொருள் கலந்து, ‘சிறப்புக் கலவை’ என்று மொத்த எடையை மட்டும் போட்டு விற்பதை வளரும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். எது எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை என்று வருகிற புகார்கள் பலவற்றுக்கு அதில் உள்ள காஃபின்தான் காரணம். பழி கிரியேட்டின் மேல் விழுகிறது.

அளவும் முறையும்

பெரியவர்களுக்கு ‘லோடிங்’ என்று ஒரு முறை சொல்லப்படும்: நாளுக்கு 20 கிராமை நான்காகப் பிரித்து 5 முதல் 7 நாள், பிறகு 3 முதல் 5 கிராம். இளையவர்களுக்கு லோடிங் வேண்டாம். 1996-இல் ஹுல்ட்மன் குழுவினர் காட்டியபடி, நாளுக்கு 3 கிராம் மட்டும் 28 நாள் எடுத்தாலும் தசை இருப்பு அதே அளவுக்குத்தான் போய்ச் சேருகிறது. வித்தியாசம் மூன்று வாரம் மட்டும். வயிற்றுக் கோளாறும் திடீர் எடையேற்றமும் பெரும்பாலும் லோடிங்கில்தான் வருகின்றன.

உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.05 கிராம் என்று கணக்கு வையுங்கள். 50 கிலோவுக்கு 2.5 கிராம், 60 கிலோவுக்கு 3, 80 கிலோவுக்கு 4. எடை எவ்வளவு இருந்தாலும் 5 கிராமைத் தாண்ட வேண்டாம். இருப்புக்கு ஒரு மேல் எல்லை உண்டு. அது நிறைந்த பிறகு எடுக்கிறதெல்லாம் சிறுநீரில்தான் போகும்.

டப்பாவோடு வரும் ஸ்கூப்பை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது 5 கிராமுக்குச் செய்தது. பொடி இறுகியிருந்தால், குவித்து அள்ளினால், அதே ஸ்கூப்பில் 7 கிராமும் வரும். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவு ஸ்கூப்பில் எந்த இடம் வரை வருகிறது என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புது டப்பாவுக்கும் மறுபடி நிறுக்க வேண்டும். பொடியின் நைசு பிராண்டுக்கு பிராண்ட் மாறும்.

அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 14 கிராம் அளவுக்குத்தான் கரையும். குளிர்ந்த நீரில் அதில் பாதிகூடக் கரையாது. ஆகவே 3 கிராமுக்கு 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அடியில் மணல் மாதிரி படியாத வரைக்கும் கலக்குங்கள். கரையாத பொடியை விழுங்கினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஃபிரிட்ஜ் தண்ணீரில் அவசரமாகக் கலக்கிக் குடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். கலக்கியதை அப்போதே குடித்துவிட வேண்டும். காலையில் பாட்டிலில் கலந்து மாலைவரை வைத்திருப்பது, இரண்டு நாளுக்குச் சேர்த்துக் கலப்பது கூடாது. பொடியாக, ஈரம் படாமல் மூடி வைத்தால் பல மாதம் கெடாது.

எந்த நேரத்தில் எடுப்பது என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டோடு, தினமும் ஒரே நேரத்தில். பயிற்சி இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்காதீர்கள். இருப்பு ஒரு நாளில் இறங்கிவிடாது. முக்கியமான போட்டிக்கு முந்தைய மாதத்தில் தொடங்காதீர்கள். சீசன் முடிந்து, பலப் பயிற்சிக் காலம் தொடங்கும்போது ஆரம்பித்தால், எடையும் வயிறும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க அவகாசம் இருக்கும்.

பலன் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

உணர்வை நம்பி முடிவு செய்யாதீர்கள். புது டப்பா வந்த உற்சாகத்திலேயே இரண்டு வாரம் நன்றாக ஓடும். தொடங்குவதற்கு முந்தைய வாரமும், எட்டு வாரம் கழித்தும் ஒரே சோதனையைச் செய்யுங்கள். எளிமையானது ஆறு தடவை 30 மீட்டர் ஸ்பிரிண்ட், நடுவில் 30 நொடி ஓய்வு. அதே மைதானம், அதே காலணி, அதே வார்ம் அப், முந்தைய நாள் கடும் பயிற்சி இல்லாமல். முதல் ஓட்டத்தின் நேரத்தைவிட, முதலாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் உள்ள சரிவுதான் பார்க்க வேண்டியது. உதாரணத்துக்கு, முன்பு 4.60 நொடியில் தொடங்கி 5.00-இல் முடிந்தவர், இப்போது 4.58-இல் தொடங்கி 4.80-இல் முடித்தால், ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் எட்டு வாரத்தில் பயிற்சியும் வளர்ச்சியும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். அதனால் முந்தைய சீசனில் இதே கால அளவில் எவ்வளவு முன்னேற்றம் இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிடக் கூடுதலாக எதுவும் இல்லை என்றால் நிறுத்திவிடலாம்.

எடையையும் குறித்துவையுங்கள். காலையில் எழுந்து கழிவறைக்குப் போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், ஏழு நாள் எடுத்துச் சராசரி பாருங்கள்.

எங்கே தப்பு நடக்கிறது

எடை. கிரியேட்டின் தசைச் செல்லுக்குள் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரை கூடலாம். இது கொழுப்பு இல்லை. ஆனால் எடைப்பிரிவு ஆட்டத்தில் உள்ளவர் அதைக் குறைக்கத் தண்ணீரை நிறுத்துவது, ஸ்வெட் சூட் போட்டு ஓடுவது, சானாவில் உட்காருவது என்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 1997-இன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் வேகமாக எடை குறைக்கும்போது இறந்தார்கள். முதலில் கிரியேட்டின் மேல் சந்தேகம் வந்தது. விசாரணையில் தெரியவந்தது உடல் வெப்பம் எல்லை மீறியதும் நீரிழப்பும்தான். ஆகவே எடை இறக்குகிற வாரத்தில் இருக்கும் பிள்ளையிடம் கிரியேட்டின் பேச்சையே எடுக்கக் கூடாது.

வயிறு. ஒரே தடவையில் 10 கிராம் எடுத்தவர்களுக்கு, அதையே இரண்டாகப் பிரித்து எடுத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு அதிகம். 3 கிராமிலேயே வயிறு கலங்கினால், அதை இரண்டாகப் பிரித்து இரண்டு வேளைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் அடங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தசைப்பிடிப்பு, நீரிழப்பு. கிரியேட்டினால் இவை வரும் என்ற பேச்சு பரவலாக உண்டு. வெயிலில் பயிற்சி செய்த கல்லூரி வீரர்களிடம் பார்த்தபோது, எடுத்தவர்களுக்கு அவை அதிகமாக வரவில்லை. அதற்காகத் தண்ணீரில் அலட்சியம் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிற அளவுக்குக் குடிக்கட்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்ததை ஈடுகட்டட்டும். குடம் குடமாகக் குடிப்பதும் தவறு.

முடி உதிர்தல். பையன்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 2009-இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வில், லோடிங் செய்தபோது, ஆண்களின் முடி உதிர்வோடு தொடர்புடைய டிஎச்டி என்ற ஹார்மோன் கூடியது. முடியை அவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. கிரியேட்டினால் முடி கொட்டுகிறது என்பதற்கு இதுவரை நேரடி ஆதாரம் இல்லை.

கெண்டைக்கால், முன்னங்கால் வலி. பெரியவர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளில், கிரியேட்டின் எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே தசையறைகளுக்குள் அழுத்தம் கூடியது தெரிந்தது. ஓடும்போது கால் கல்லாக இறுகி, நின்றதும் தளர்ந்து, மறுபடி ஓடினால் மறுபடி இறுகினால், நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலம் கூடும் வேகம். எடை தூக்குவது சுலபமாகத் தெரியும்போது பாரத்தை அவசரமாக ஏற்றுவார்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடாத வயது இது. ஒரு தடவைக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. கூட்டுவதை முடிவு செய்ய வேண்டியவர் கோச், பிள்ளை இல்லை.

கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கரும்பழுப்பாகப் போவது, சிறுநீர் குறைவது, முகம் அல்லது கால் வீங்குவது, நிற்காத வாந்தி, தசை தொட முடியாத அளவுக்கு வீங்கி வலிப்பது: இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரத்தப் பரிசோதனையில் பயம்

வீட்டில் பெரிய கலவரத்தை உண்டாக்குவது இதுதான். கிரியேட்டின் எடுக்கும்போது அதன் கழிவான கிரியேட்டினினும் இரத்தத்தில் சற்றுக் கூடும். ஆய்வுக்கூடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைப் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அதனால் நல்ல சிறுநீரகமும் தாளில் பழுதானதுபோல் தெரியலாம். தசை அதிகம் உள்ள உடம்பு, முந்தைய நாள் கடும் பயிற்சி, நிறைய இறைச்சி ஆகியவையும் அந்த எண்ணை ஏற்றும்.

அதற்காக ‘கிரியேட்டினால்தான் கூடியிருக்கும்’ என்று நீங்களே முடிவு கட்டி ஒதுக்கிவிடவும் கூடாது. முதல் வேலையாக மருத்துவரிடம் கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். ஒரு வாரம் நிறுத்தி, கடைசி இரண்டு நாள் கடும் பயிற்சி இல்லாமல், மறுபடி இரத்தம் கொடுக்கலாம். சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை கிரியேட்டினையும் தசை அளவையும் பெரிதாகச் சார்ந்ததல்ல. சந்தேகம் இருந்தால் அதைக் கேட்டுப் பெறுங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிஸ்டாட்டின் சி-யும் சிறுநீரும் சரியாக இருந்தால் மருத்துவர் பெரும்பாலும் நிம்மதியாகப் பேசுவார். இரண்டில் ஒன்று தவறினாலும் கிரியேட்டினை அன்றோடு விட்டுவிட்டு, சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். பள்ளியிலோ அகாடமியிலோ வழக்கமான உடல் பரிசோதனை வரப்போகிறது என்றால், ஒரு வாரம் முன்பே நிறுத்திவைத்தால் இந்த அலைச்சல் குறையலாம்.

நிறுத்தும்போது

படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை; எந்த நாளிலும் நிறுத்தலாம். தசை இருப்பு நான்கு முதல் ஆறு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பும். தண்ணீர் எடை ஒரு கிலோ போல் இறங்கும். கண்ணாடியில் கொஞ்சம் சுருங்கியதுபோல் தெரியும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; சொல்லாவிட்டால் பயந்துபோய் மறுபடி டப்பாவைத் திறக்கும். பயிற்சியில் சேர்த்த பலம் பயிற்சி தொடர்கிற வரைக்கும் நிற்கும். கடைசி ஒன்றிரண்டு ரெப் குறையலாம், ஸ்பிரிண்ட் சரிவு சற்றுக் கூடலாம். காய்ச்சல், வாந்திபேதி, அறுவைச் சிகிச்சை, புதிதாக ஏதாவது மருந்து என்று எது வந்தாலும், குணமாகிச் சாப்பாடு பழையபடி இறங்குகிற வரை நிறுத்திவையுங்கள். அடுத்த சீசனில் மறுபடி தொடங்குவதானால் தூக்கம், சாப்பாடு, மருத்துவர், பேட்ச் எண் என்று முதலிலிருந்தே பார்க்க வேண்டும். வளரும் உடம்பு ஒரு வருடத்தில் நிறைய மாறியிருக்கும்.